மரியதாஸ் அண்ணை மொழிபெயர்த்த சனிக்கிழமை

மரியதாஸ் அண்ணை இறந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னது எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவரும் இல்லை. ஹெயிட்டிக்காரரான வில்னர்தான் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில், சலவை அறையில், படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றேன். கைபேசியில் வில்னரின் பெயர் வந்தது. வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் என்னை அழைத்ததில்லை. "மதாம் றெஜினா" என்றார். அதற்குப் பிறகு பிரெஞ்சில், "எங்கள் மரியதாஸ் போய்விட்டார்" என்றார்.

சனிக்கிழமைகளில் அண்ணை எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தைத் திறந்து வைத்திருப்பார். அன்று கதவு பூட்டியபடி இருந்ததால் வில்னர் கார்ட்டியர்வில் பகுதியில் அவர் தனியாக இருந்த வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார். கட்டடத்துக்காரரைக் கொண்டு கதவைத் திறந்து பார்த்தால், அண்ணை ஒரு காலில் சப்பாத்துப் போட்டபடி, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாராம். மண்டபத்தைத் திறக்கத்தான் புறப்பட்டிருக்கிறார்.

நான் என் மனுசனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியை எழுதுகிறேன்.

"அவன் ஏன் முதல் உனக்கு அடிச்சவன்? எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"அப்ப நான் ஆரின்ரை ஆள்?" என்று கேட்டேன். நான் மடித்த விரிப்பை மறுபடி விரித்து, மறுபடி மடித்தேன்.

எங்கள் ஆண்கள் சபைத் தலைவர் ஜெயசீலன் அண்ணை, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடமும் எழுதிக் கேட்டார். "றெஜினா, கூட்டங்களுக்குத் தேத்தண்ணி போட்டது நீங்கள்தானே. நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ" என்றார். நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத இருந்தபோது நாலு வரியில் அடங்கவில்லை. நல்லதாகவும் வரவில்லை. அண்ணையைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். நான் பொய் எழுதினால் உங்களுக்குத் தெரியும், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் கோயிலில் ஞாயிறு காலை ஹெயிட்டி ஆட்களுக்குப் பூசை, மத்தியானத்துக்குப் பிறகு எங்களுக்கு. மண்டபமும் குசினியும் இரண்டு பகுதிக்கும் பொது. பூட்டுகளின் திறப்பு எல்லாம் மரியதாஸ் அண்ணையிடம். மனைவி முன்னமே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. பாண் சுடுகிற தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்குக் கோயில்தான் வீடு. ஒரு முறை நாங்கள் சமைக்கிற பெரிய கிடாரம் ஒன்று அடிப்பிடித்துக் கிடந்தது. யார் எரித்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அடுத்த ஞாயிறே எங்கள் பாத்திர அலுமாரிக்கு ஆண்கள் சபை ஒரு பூட்டைப் போட்டது.

அண்ணை அந்தப் பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஜெயசீலன் அண்ணையிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"பூட்டுப் போட்டாச்சு, சரி. ஏன் போட்டனாங்கள் எண்டு அவையின்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லுவமே?"

"என்னத்துக்கு அண்ணை வீண் பிரச்சினை?"

"பிரச்சினை உதிலை தொங்குது. நான் கதைக்கத்தான் சொல்லுறன்."

இது பாதரின் காதுக்குப் போய், அவர் அதை அழகாக்கிவிட்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பகுதி ஆண்களும் ஒன்றாக இருந்து சாப்பிட்டு, நிறத்தைப் பற்றி, இனத்தைப் பற்றி மனம் திறந்து பேசுவது என்று ஏற்பாடு. எங்கள் பக்கம் இடியப்பமும் சொதியும். அவர்கள் பக்கம் பொரித்த வாழைக்காய். தேத்தண்ணி நான். எங்கள் ஆட்களில் பலருக்குப் பிரெஞ்சு ஓடாது. அண்ணை தொழிற்சாலையில் வில்னரோடு இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், அதனால் மொழிபெயர்ப்பு அவர்.

முதல் மூன்று கூட்டத்திலும் மனம் திறந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. வாய் திறந்தது, சாப்பிட. எல்லோரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்று இவர்கள் சொன்னார்கள், ஆமென் என்று அவர்கள் சொன்னார்கள். பிறகு கைகுலுக்கிப் படம் எடுத்தார்கள். படம் எடுக்கும்போது மட்டும் எங்கள் ஆட்கள் அவர்கள் தோளில் கைபோட்டார்கள்.

நாலாவது கூட்டத்தில் வில்னர் கேட்டார், "உங்கள் அலுமாரிக்கு ஏன் பூட்டு?"

அண்ணை அதைத் தமிழில் சொன்னார். நான் குசினி யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் பிரெஞ்சு, சலவை அறையில் ஹெயிட்டிப் பெண்களோடு வேலை செய்து பழகிய பிரெஞ்சு. அதனால் இரண்டு பக்கமும் எனக்கு விளங்கியது.

ஜெயசீலன் அண்ணை சிரித்துக்கொண்டு தமிழில், "எலித் தொல்லை எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

மரியதாஸ் அண்ணை வில்னரைப் பார்த்துப் பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். "எலித் தொல்லை என்று சொல்லிவிடச் சொல்கிறார்."

அந்தப் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு நடந்தது இன்னும் விளங்கவில்லை. என் மனுசன் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து சொன்னார், "உந்தக் கறுவல்களோடை என்ன கதை. தின்னட்டும், போகட்டும்."

அண்ணை அதையும் சொன்னார், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் சேர்த்து.

"அண்ணை!" ஜெயசீலன் அண்ணைக்கு இப்போது விளங்கிவிட்டது. "என்ன வேலை பார்க்கிறியள்? உதையெல்லாம் ஏன் சொல்லுறியள்?"

"மொழிபெயர்க்கச் சொல்லித்தானே என்னை இருத்தினனீங்கள்."

"எங்களுக்குள்ளை கதைக்கிறதை இல்லை!"

அண்ணை திரும்பி, "எங்களுக்குள் பேசுவதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்கிறார்" என்று அதையும் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு வயதானவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வில்னர் சிரிக்கவில்லை. "நல்லது, இப்போதுதான் கூட்டம் தொடங்கியிருக்கிறது" என்றார். பிறகு தங்கள் பக்கத்தைச் சொன்னார். ஞாயிறு காலை வந்ததும் தங்கள் பெண்கள் எங்கள் கறி மணம் போக எல்லா யன்னலையும் திறந்துவிடுவார்களாம். எங்களை அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சொன்னார். அண்ணை அதையும் தமிழில் வைத்தார். எங்கள் ஆட்களின் முகம் சிவந்தது. தாங்கள் சொன்னதற்கு வராத கோபம், கேட்டதற்கு வந்தது.

அண்ணை எழும்பி நின்று, இரண்டு மொழியிலும் மாறி மாறித் தன்னைப் பற்றிச் சொன்னார். தொழிற்சாலையில் முதல் ஒரு வருடம் வில்னர் சாப்பிட வந்து பக்கத்தில் இருந்தால், அண்ணை தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவாராம். ஒருநாள் வில்னர் கவலையோடு, "உனக்கு வயிறு சரியில்லையா?" என்று கேட்டாராம்.

"எனக்கு வயிறு நல்லாத்தான் இருந்தது. எனக்குக் கீழையும் ஒருத்தன் கிடைச்சிட்டான் எண்ட சந்தோசம். ஊரிலை எனக்கு அப்பிடி ஒருத்தரும் கிடைக்கேல்லை."

அதில் அவர் ஊரைச் சொன்னது எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கியது, வில்னர் பகுதிக்கு அவ்வளவாக விளங்கியிராது. ஒருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெயசீலன் அண்ணை அவசரமாக, "அதெல்லாம் பழங்கதை. இஞ்சை நாங்கள் வேற்றுமை பாக்கிறேல்லை. ஒரே மேசையிலை இருந்து சாப்பிடுறம்" என்றார்.

அண்ணை மொழிபெயர்த்தார். வில்னர் தன் தேத்தண்ணியை மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

அது கடதாசிக் கப்.

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கு முன்னால் சில்வர் பேணி, கழுவி வைத்துக் குடிக்கிற குவளை. அவர்களுக்கு முன்னால் கடதாசிக் கப். எங்கள் பக்கத்தில் ஒரே ஒருவர் கையில் கடதாசிக் கப் இருந்தது. அது மரியதாஸ் அண்ணை. அந்தத் தேத்தண்ணியை ஊற்றி, தட்டில் அடுக்கி, ஒவ்வொருவருக்கும் முன்னால் வைத்தது நான். நாலு கூட்டமும் நான்.

கூட்டம் முடிந்ததும் அண்ணை குசினிக்கு வந்து துவாயை எடுத்துப் பேணிகளைத் துடைக்கத் தொடங்கினார்.

"அண்ணை, நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"தெரியும்."

"சத்தியமா அண்ணை. யோசிச்சுச் செய்யேல்லை."

"யோசிச்சுச் செய்யிற ஆள் ஒருநாளெண்டாலும் மறந்துபோகும், றெஜினா. நீ ஒருநாளும் மறக்கேல்லை."

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீயாக் காணுவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். நாலு மாசம்."

பிறகு துடைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய ஊர்த் தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்குப் பேணி, அவருக்கும் அவருடைய தகப்பனுக்கும் வாய் உடைந்த சோடாப் போத்தல். "உதடு வெட்டாமல் குடிக்க ஒரு பழக்கம் வேணும்" என்றார். ஊர்க் கோயிலிலும் அவர்களுக்கு இருக்கப் பின் வரிசை வாங்குதான். பூசையில் நன்மை, அதுதான் நற்கருணை, வாங்குவதிலும் கடைசி. இவற்றை அவர் கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து எந்த வழியால் போகும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு அப்போது ஊரில் எங்கள் வீட்டுக் குசினியின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. கூரையின் தென்னோலைக் கிடுகுக்குள் ஒரு தகரப் பேணி செருகியிருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தாங்களே எடுத்து, குடித்து, தாங்களே கழுவி, திரும்பச் செருகிவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் ஒருமுறை அதைத் தொட்டதற்கு அம்மா என் கையில் அடித்தார். அந்த அடியை நான் மறந்திருந்தேன். என் கை மறக்கவில்லை. கனடாவுக்கு வந்தும், சாதி தெரியாத ஆட்களுக்கும் அது தேத்தண்ணியைப் பிரித்து ஊற்றியிருக்கிறது.

அண்ணை என்னை மன்னித்ததாக எழுத எனக்கு ஆசை. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பேணிகளை அடுக்கித் தந்துவிட்டு, போகும்போது ஒன்று சொன்னார். "மொழிபெயர்க்கிற ஆள் சொல்லைக் களவெடுக்கக் கூடாது. எடுத்தால் இரண்டு பக்கமும் நல்ல ஆக்கள் மாதிரித் தெரியும்."

காரில் வீட்டுக்குப் போகும்போது என் மனுசன் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். "எளியதுகளிட்டைத் திறப்பைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்றார். ஊரில் சாதி குறைந்தவர்கள் என்று நாங்கள் நினைத்தவர்களுக்கு வைத்திருந்த சொல் அது. முப்பது வருடம் பக்கத்து வாங்கில் இருந்து பூசை கண்ட மனிதருக்கு அதைச் சொன்னார். நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் நாலு பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த மாதம் பனி என்றார்கள். பிறகு பிள்ளைகளின் தமிழ் வகுப்பு என்றார்கள். கடைசியில் அலுமாரித் திறப்பைத் தங்களிடம் தரச்சொல்லி வாங்கினார்கள். பிறந்தநாளுக்கும் முதல்நன்மைக்கும் அண்ணையைக் கூப்பிடுவது குறைந்தது. உங்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அதற்குப் பிறகு அவர் வந்தார் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள் கூப்பிடவில்லை.

அவரும் வில்னரும் மட்டும் சனிக்கிழமைக் கூட்டத்தை விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்டபத்தைத் திறந்து, நீள மேசையின் ஒரு மூலையில் இரண்டு கிழவர்கள் இருந்து சண்டை பிடிப்பார்கள். உண்மையாகவே சண்டைதான். ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் நான் வீட்டிலிருந்து இரண்டு சில்வர் பேணியும் போத்தலில் தேத்தண்ணியும் கொண்டுபோனேன். அண்ணை பேணிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப யோசிச்சுச் செய்யிறாய் போலை."

"ஓம் அண்ணை."

"அப்ப ஒருநாள் மறந்துபோவாய்" என்றார். வில்னர் என்ன என்று கேட்க, அதை மொழிபெயர்த்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இன்றைக்கு அந்தச் சிரிப்பை இன்னொருமுறை கேட்க எதையும் கொடுப்பேன்.

செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். ஹெயிட்டி ஆட்களும் நிறையப் பேர் வந்து கோயிலின் பின் வரிசை வாங்குகளில் இருந்தார்கள். முன்னுக்கு வாருங்கள் என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. ஜெயசீலன் அண்ணை பேசினார். மரியதாஸ் அண்ணை அமைதியானவர், ஒருவரையும் நோகப் பேசாதவர் என்றார். நான் பெட்டியைப் பார்த்தேன். ஒருவரையும் நோகப் பேசாதவராம். எழும்பித் திருத்துவதற்கு அவரால் முடியாது என்ற துணிச்சலில் சொன்ன பேச்சு அது.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. காலையிலேயே நான் தேத்தண்ணி போடவென்று திறப்புகளை வாங்கிக்கொண்டு போய்க் குசினியில் இருந்த கடதாசிக் கப்புகளை எல்லாம் குப்பையில் போட்டிருந்தேன். அலுமாரியில் இருந்த சில்வர் பேணிகள் முழுவதையும் கழுவி மேசையில் அடுக்கினேன். போதாததற்கு என் வீட்டுப் பேணிகளையும் கொண்டுவந்தேன். அண்ணைக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

ஹெயிட்டி ஆட்கள் முதலில் வந்து பேணிகளை எடுத்துக் குடித்தார்கள். எங்கள் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். யாரும் மேசைக்குக் கிட்ட வரவில்லை. துக்கத்தில் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். என் மனுசனைக் காணவில்லை. கொஞ்சம் கழித்து அவர் மேலங்கியில் பனியோடு உள்ளே வந்தார். மூலையில் இருக்கும் டெப்பனர் கடைக்குப் போய்விட்டு வருகிறார். மேலங்கிக்குள் இருந்து கடதாசிக் கப்புக் கட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

சுவரோரம் நின்றவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் ஒரு கடதாசிக் கப் எடுத்தார்கள். ஜெயசீலன் அண்ணையும் எடுத்தார்.

"பேணி இருக்குதே" என்றேன்.

என் மனுசன் குரலைத் தாழ்த்தவும் இல்லை. தமிழ்தானே. "அவங்கள் வாய் வைச்ச பேணியளோடை கலந்துபோச்சு. உதிலை ஆர் குடிக்கிறது?"

வில்னர் என் பக்கத்தில் சில்வர் பேணியோடு நின்றார். மேசையைப் பார்த்தார், கடதாசிக் கப்புகளைப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

வழக்கமாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் பூமிக்குள் போய் ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

என் மனுசனுக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும். "குளிர் எண்டு ஏதும் சொல்லிவிடு" என்றார்.

நான் வில்னரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். என் சலவை அறைப் பிரெஞ்சில், பிழையோடு, ஆனால் ஒரு சொல்லும் எடுக்காமல். "நீங்கள் வாய் வைத்த பேணிகளோடு கலந்துவிட்டதாம், அதில் யார் குடிப்பது என்று கேட்கிறார்." பிறகு, "குளிர் என்று ஏதாவது சொல்லிவிடச் சொல்கிறார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற எங்கள் இளம் பிள்ளைகள் சிலருக்குப் பிரெஞ்சு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் தங்கள் தகப்பன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வில்னர் மிச்சத் தேத்தண்ணியை நின்று நிதானமாகக் குடித்தார். பிறகு தன் பேணியைத் தானே கழுவி வைக்கத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். எனக்கு எங்கள் வீட்டுக் கூரைப் பேணி கண்ணுக்குள் வந்தது. ஓடிப்போய் அவர் கையில் இருந்து பறித்தேன். "நீங்கள் கழுவக் கூடாது" என்றேன். அவருக்கு அது விளங்கியதோ தெரியாது. "மெர்சி, மதாம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

காரில் என் மனுசன் கேட்டார், "நீ ஏன் அதைச் சொன்னனி?"

"அவர் கேட்டவர்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதிகம் கதை இல்லை. அவர் தன் தேத்தண்ணியைத் தானே போட்டு, தன் பேணியைத் தானே கழுவி வைக்கிறார்.

அண்ணையின் திறப்புகளை ஆண்கள் சபை வாங்கிக்கொண்டது. சனிக்கிழமை காலைகளில் மண்டபம் இப்போது பூட்டியிருக்கிறது. அவருடைய படம் ஒன்றும் என்னிடம் இல்லை. தோளில் கைபோட்டு எடுத்த படங்களில் அவர் இல்லை, யாராவது படம் எடுக்க வந்தால் அவர் பாத்திரம் கழுவ வந்துவிடுவார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். யாராவது என்ன சொன்னார்கள் என்று கேட்டால், சொன்னதைச் சொல்லுவேன்.

ஜெயசீலன் அண்ணை, நீங்கள் கேட்ட நாலு வரி இவ்வளவு நீண்டுவிட்டது. மலரில் இடம் போதாவிட்டால் என் பெயரை வெட்டுங்கள். நீங்களும் என் மனுசனும் நானும் சொன்னவற்றை வெட்ட வேண்டாம். இதைப் பிரெஞ்சிலும் எழுதி வில்னரிடம் கொடுக்க ஒரு பிள்ளையைப் பிடித்திருக்கிறேன். ஒரு சொல்லும் எடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.